துரையின் விரல்

என் வீட்டுக்காரிக்கு நூல் தொங்கினால் ஆகாது. தையல்காரி அல்லவா, கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்சீட்டுக்காரரின் காலரில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால், இறங்குவதற்குள் அது இவள் கத்தரிக்கு இரையாகிவிடும். ஒருமுறை அந்த ஆள் திரும்பி முறைத்தார். "விட்டா மொத்தமும் பிரிஞ்சிருக்கும்ங்க, நல்லதுக்குத்தான் வெட்டினேன்" என்று அவருக்கே பாடம் எடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ எவரோ என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு பல்லி வந்து சேர்ந்தது. சுவரில் ஓடுகிற ரகம் இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு கண்ணாடிப் பெட்டியில் வளர்கிற ரகம். புது வாடகை வீட்டில் பிராணி கூடாதென்று சொல்லிவிட்டதால் மகள் கொண்டுவந்து விட்டுப் போனாள். "இதையெல்லாம் யாரு பாக்கறது?" என்று முகம் சுளித்தவள்தான், பெட்டியைத் தன் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். பல்லிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு, வேளாவேளைக்கு உயிரோடு புழு. எனக்கு ஆறிப்போன காப்பி. இடுக்கியில் புழுவை நீட்டினால் நிதானமாகப் பார்த்துவிட்டு, மனம் வந்தால் வாங்கிக்கொள்வான். அந்த மிடுக்குக்காகவே துரை என்று பெயர் வைத்தாள்.

தோல் உரிப்பது துரைக்கு வழக்கம்தான். உரித்த தோலையும் தானே தின்றுவிடுவான். இந்த முறை முன்காலில் ஒரு விரலில் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம் தங்கிவிட்டது. முனையில் பிசிறு வேறு. பிறகென்ன, நூல் பிரிக்கிற இடுக்கியை எடுத்தாள், பிடித்து இழுத்தாள். துரை துள்ளினான். விரலில் ரத்தம் துளிர்த்தது. வளையமோ அப்படியே இருந்தது.

"நூலாட்டம் நெனச்சு இழுத்துட்டேங்க" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. கிண்டல் செய்ய வாயெடுத்தவன், வேன் சாவியை எடுத்துக்கொண்டேன்.

பிராணி மருத்துவரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் இறுக்கறதால ரத்தம் ஓடல. இப்படியே கறுத்துப்போனா விரல் உதிர்ந்துடும். ஈரத்துணி போட்ட டப்பாவுல விடுங்க, ஊறித் தானா கழலட்டும். அதுவரைக்கும் நீங்க கையே வைக்கக்கூடாது."

"கொஞ்சமா, மெதுவா..."

"கூடவே கூடாதும்மா."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள். துணி காயாமல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தைக்க வந்த துணியெல்லாம் மூலையில் குவிந்தது. மகள் போன் செய்தால் என்னை எடுக்கச் சொன்னாள். "ஒண்ணும் ஆகாது, சும்மா இரு" என்று அதட்டிய நானும், அவள் குளிக்கப் போன நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் உப்பியிருந்தது.

நான் வேன் ஓட்டும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், "ஏங்க, ஓடி வாங்க!" என்று கத்தினாள். பதறி ஓடினேன். ஈரத்துணியின் மேல் வளையம் கழன்று கிடந்தது. விரல் வீக்கம் வடிந்து, இளஞ்சிவப்பாக, இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே என்ன, எடுத்துப் பாரேன்" என்றேன்.

"வேணாங்க. அவனா வரட்டும்."

டப்பாவின் வாசலில் உள்ளங்கையை விரித்து வைத்து அசையாமல் இருந்தாள். துரை தலையைச் சாய்த்து யோசித்தான். பிறகு அந்தக் காலைத் தூக்கி அவள் கையில் ஊன்றினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அஞ்சு விரலும் படுதுங்க" என்றாள்.