ஆணி வளைத்த பயில்வான்

கோவளத்தில் நான் கொஞ்ச நாள் பயில்வானாக இருந்தேன். பாவாடை கட்டிய பயில்வான். நம்பாவிட்டால் போங்கள், கையாலேயே ஆணி வளைத்தவள் நான்.

எங்கள் கயிற்றுக் கடையும் அதன் பின்னாலேயே இருந்த வீடும் தீப்பிடித்து எரிந்த வருடம் அது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். மரமெல்லாம் கரியாகிவிட, கூடத்தின் குறுக்கே போட்டிருந்த இரும்பு உத்திரம் மட்டும் கறுத்துப்போய் அப்படியே நின்றது. கோணல் மாணல் எதுவும் இல்லை. அத்தாவுக்கு அதைப் பார்த்ததும் பாதி வீடு திரும்பக் கிடைத்த மாதிரி. அதன்மேலேயே புதுத் தளம் போட்டுவிட்டார். சாம்பலில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கித் தரும் வேலை எனக்கு.

அந்த ஆணிகளிடம்தான் என் வீரமெல்லாம். படிக்கல்லில் ஊன்றி அழுத்தினால் போதும், சொன்னபடி வளைந்தன. தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கைக்குழந்தைத் தம்பியோடு பக்கத்து வீட்டில் தங்கியிருந்த அம்மாவிடம் ஓடிப்போய் வளைத்துக் காட்டினேன். ஒரு சபாஷ் கிடைக்கும் என்று பார்த்தால், அம்மா ஆணியை வாங்கித் தானும் வளைத்துப் பார்த்தாள். நேரே அத்தாவிடம் போனாள்.

“இன்னாங்க, நெருப்புல வெந்த ஆணி இந்தப் புள்ள கைக்கே வளையுது. அந்த உத்தரம் மட்டும் எப்படி நிக்கும்? எம் புள்ள தூளிய அதுல கட்டமாட்டேன்.”

“அடிப் போடி! ஆணி வேற, உத்தரம் வேற. நெருப்புலயே செஞ்சத நெருப்பு இன்னா பண்ணும்?”

“வெளிய நேராத்தான் கீது. உள்ள இன்னா ஆயிக்கீதுன்னு நீங்க பாத்தீங்களா?”

எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் அத்தாவுடையதுதான். அன்று அதை அம்மாவிடமே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆட்களை வைத்துக் கடற்கரை மணலை மூட்டை மூட்டையாகத் தளத்தின்மேல் ஏற்றினார். பூச்சு வேலைக்கு என்று நினைத்தேன். இருட்டினால் பாயைச் சுருட்டிக்கொண்டு தனியாக அந்தக் கூடத்தில் படுக்கப் போய்விடுவார். சோறு கொண்டுபோன நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அத்தா, அம்மா கூட டூவா?”

சிரித்தார். “ஆமா, டூதான். நீ உள்ள வராத, வாசல்லயே வெச்சிட்டுப் போ.”

என் மேலுமா கோபம்? எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மேலே மணல் மூட்டைகள் நனைந்து ஊறின. அப்போதும் அத்தா கூடத்தில்தான் படுத்தார். மழை ஓய்ந்த பிறகு அம்மாவே தூளித் துணியோடு போய் உத்திரத்தில் கட்டினாள். கட்டும்போதே அத்தாவைத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். சண்டை தீர்ந்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பின்னாளில் உலோகம் பற்றிப் படித்த என் மகன்தான் என் பயில்வான் பட்டத்தைப் பறித்தான். ஆணிக்கான கம்பியைச் சூடில்லாமலே இழுத்து இறுக்குகிறார்களாம். தீ பட்டால் உள்ளே நசுங்கிக் கிடக்கும் இரும்பின் நுண்மணிகள் மறைந்து, அந்த இடத்தில் புதிய மணிகள் வளர்ந்து ஆணி மென்மையாகிவிடுமாம். உத்திரமோ சூட்டிலேயே உருட்டிச் செய்தது. தீக்குப் பிறகும் வளையாமல் நின்று, மெல்ல ஆறியிருந்தால் பெரும்பாலும் தாங்குமாம்.

“உங்க அத்தா சொன்னது சரிதாம்மா” என்றான்.

சரிதான். ஆனால் அத்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாமல்தான், உத்திரம் தாங்குமா என்று பார்க்கத் தலைக்கு மேலே அத்தனை மணலை ஏற்றிவிட்டு, அதற்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்திருக்கிறார். நான் அதை டூ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.