அம்மாவின் வெறுங்கூடையும் நிறைகூடையும்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். இதையே நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணன் கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் பதுளையில் படித்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, பிறகு ஜப்பான் மொழி படித்து அந்த நாட்டுக்கே போனார். பகலில் படம் வரையும் பள்ளி, மாலையில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. அதன்பின் கார்ட்டூன் படம் செய்யும் ஒரு கம்பனியில் சேர்ந்தார்.

அங்கே முதல் வருடம் அண்ணன் வரைந்த தாள்கள் எல்லாம் திரும்பி வந்தனவாம். படத்தில் நடக்கும் ஆளுக்குக் கனமே இல்லை, காற்றில் போகிறான் என்று குறை. அண்ணன் அம்மா கூடையோடு மலையேறுவதை நினைத்துக்கொண்டு வரையத் தொடங்கினார். தாள்கள் திரும்புவது நின்றது. பல வருடம் கழித்து இயக்குநரானார். படத்தின் கடைசியில் ஓடும் ஜப்பான் எழுத்தில் ஓரிடத்தில் ஃபோனை நிறுத்தி, "இதுதான் நான்" என்று காட்டுவார். எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. தலையாட்டுவோம்.

அம்மா இறந்தபின் அண்ணன் ஊருக்கு வந்தார். அம்மாவின் ஒரு நாளைச் சின்னப் படமாக்க எங்கள் லயத்துக் காம்பரா அறையிலேயே உட்கார்ந்து பென்சிலால் வரைந்தார். என்னைக் கூடை மாட்டி நடக்கவிட்டு, கடிகாரத்தோடு பார்ப்பார். ஓர் அடி எடுத்து வைக்க ஒரு டஜன் தாள். மொத்தம் ஒன்பது காட்சி, ஒவ்வொன்றும் தனி ஃபைலில்.

வரைந்து முடித்த வாரமே இருதயம் பழுதாகிப் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தார். கண்டிக்கு அனுப்பி ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குள் தாள்களை வரிசையாகப் படமெடுத்து, கம்பனியில் கூட வேலை செய்த ஜப்பான் நண்பருக்கு அனுப்பிவிட வேண்டும். அண்ணனுக்கு அது ஒன்றே பேச்சு.

அப்போதுதான் அடைமழை. மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு மழை என்றாலே எனக்கு உறக்கமில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் உடுப்பைக்கூட எடுக்காமல் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினோம். ஃபைல் மட்டைகள் நனைந்திருந்தன. ஈரம் தாளுக்கு ஏறிவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் உருவி எடுத்தேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் நம்பர் இருந்தது. ஒன்றை ஒன்றோடு, இரண்டை இரண்டோடு வைத்து ஒழுங்காக அடுக்கினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அண்ணன் மேல்தாள்களைப் புரட்டினார்.

"யாரு அடுக்குனது?"

"நான்தான் அண்ணே. நம்பர் பாத்துத்தான் அடுக்குனேன்."

"ஒவ்வொரு காட்சியும் ஒன்னுலருந்துதான் தொடங்கும் தங்கச்சி. எல்லா ஒன்னாம் நம்பரையும் ஒரே எடத்துல நிறுத்தி வச்சிருக்கியே. என்னா, பெரட்டா?"

காலையில் கங்காணி ஆள் எண்ணும் பெரட்டைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்க மூச்சு வரவில்லை. நான் அழுதேன்.

பார்வை நேரத்தில் நான் ஒவ்வொரு தாளாகப் பிடிப்பேன். அது எந்தக் காட்சி என்று அவர் சொல்வார். மூன்று நாளில் ஏழு காட்சி பிரிந்தது. மிச்சம் இரண்டு. காலையில் வெறுங்கூடையோடு அம்மா மலையேறுவது ஒன்று, நிறைகூடையோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறுவது மற்றது. இரண்டிலும் அதே சேலை, அதே ஏற்றம். கூடைக்குள் இருப்பது தெரியாது. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு தாள்.

"இத நீ பிரி."

"எனக்கு என்னா அண்ணே தெரியும்? திரும்பவும் கெடுத்துருவேன்."

"அம்மாவுக்கு அப்புறம் கூடையச் சொமந்தது நீதானே. ஒங் கழுத்துக்குத் தெரியும்."

மறுநாள் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

அண்ணனின் காரியம் முடிந்ததும் கூடையில் ஈரக் கொழுந்தை அமுக்கி மாட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினேன். பிறகு கொட்டிவிட்டு ஏறினேன். என் வீட்டுக்காரர் கீழே நின்று தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கயிறு நெற்றியை இழுக்கையில் தாடை எப்படி இறுகும், பெருவிரல் எப்படி மண்ணைப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். ஒன்பது நாள் ஆனது.

மழையில் ஃபைல் சுமந்த லயத்துச் சொந்தங்களுக்கும், ஆஸ்பத்திரியில் தாள்களைப் பரப்பக் கட்டில் மேசையைத் தந்த தாதி அக்காவுக்கும், நான் படமெடுத்து அனுப்பியதைக் கோர்த்துப் படமாக்கிய ஜப்பான் நண்பருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று கோயில் மண்டபத்தில் அந்தப் படத்தைக் காட்டுகிறோம். நிறைகூடையோடு வரும்போது எங்காவது அம்மா ஒரு நொடி கனமில்லாமல் நடந்தால், அது அண்ணன் வரைந்ததில் உள்ள குறை இல்லை. நான் பிரித்ததில் உள்ள பிழை. பார்த்தவர்கள் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள். அந்தத் தாளை மாற்றி வைத்துவிடுகிறேன்.