‘நோமல்’ என்று எழுதிய போத்தல்

கடந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல ஆய்வுகூடத்துத் தொலைபேசி அடித்தது. பேசியவர் கமலா, பரமசிவம் அண்ணையின் மனைவி. குரலில் அழுகை இல்லை. “தவமணி, அவங்களுக்கு விடியக்காலம் எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துட்டா?” என்று கேட்டார். வந்திருந்தது. கல்லீரல் நொதிகள் எல்லாம் நோமல், இருக்கவேண்டிய அளவில்தான் என்று தாளைப் பார்த்து வாசித்தேன். “நோமலா” என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு, “அவங்க போயிட்டாங்க. கால் மணி நேரம் ஆச்சு” என்றார்.

நொதி என்பது, கல்லீரல் சிதையும்போது அதிலிருந்து இரத்தத்துக்குக் கசிவது. சிதைவதற்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் கசிவும் நின்றுவிடும், இலக்கம் நோமலுக்கு வந்துவிடும். இது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் அந்தத் தாளை மறுபடி கையில் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்தக் குளிர் தேசத்து நகரத்தில் நாங்கள் தமிழர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஆகையால் இதை வாசிக்கிற அநேகம் பேருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக் கூட்டங்களில் கதவோரம் நின்று எல்லோருடைய மேலங்கியையும் வாங்கி மாட்டுகிற நெட்டை மனிதர். உங்களுக்குத் தெரியாத ஒரு கேள்வி எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது. அவரைக் கொன்ற நோயை அவருக்குக் கொடுத்தது நானா? இதைச் சொல்லாமல் அஞ்சலி எழுதினால் அது பொய்.

அவர் திருநெல்வேலி, நான் யாழ்ப்பாணம். தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், ஒரே கிழமையில், நகர நடுவிலுள்ள ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தோம். அந்தக் காலத்தில் வேலை வாயால்தான் நடந்தது. இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரை சீரம் என்போம். அதைக் கண்ணாடிக் குழாயால் வாய்வைத்து உறிஞ்சி அளந்து வேறு குழாய்க்கு மாற்றுவோம். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் நாக்கில் உப்புக் கரிக்கும். துப்பிவிட்டுக் கோப்பி குடிக்கப் போவோம். ஒருவருக்கும் அதில் அருவருப்பு இருக்கவில்லை. “நீங்க இன்னிக்கு யாரைக் குடிச்சீங்க?” என்று அண்ணை பகிடி விடுவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நோயாளியின் இரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத இரத்தம் வேண்டும். அதற்காகத் திங்கட்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் ஊசி குத்தி எடுத்து, எல்லோருடைய சீரத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரு போத்தலில் ஊற்றி வைப்போம். அதன்மேல் ‘நோமல்’ என்று எழுதியிருக்கும். அண்ணையின் கையெழுத்து. வெள்ளைக் கோட்டுப் போட்டவனுக்கு நோய் வருத்தம் வராது என்பது எங்கள் எல்லோருடைய நினைப்பு.

எழுபத்து நான்கு மாரிக் குளிரில், கல்லீரல் அழற்சி வைரஸைக் காட்டுகிற புதுச் சோதனை வந்தது. முதல்நாள் ஓட்டத்தில், ஒன்றும் காட்டக்கூடாத குழாயாக எங்கள் நோமலைத்தான் வைத்தோம். நோயாளிகள் பலர் சுத்தமாக இருந்தார்கள். எங்கள் நோமல் வைரஸைக் காட்டியது. இயந்திரப் பிழை என்று சொல்லி மூன்று தடவை ஓட்டினோம். மூன்று தடவையும் காட்டியது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். இரண்டு வருடமாக அந்தப் போத்தலிலிருந்து வாயால் உறிஞ்சியவர்கள் நாங்கள்.

தனித்தனியாகச் சோதித்தபோது அண்ணையின் இரத்தம் மட்டும் காட்டியது. என்னுடையது சுத்தம் என்று வந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது அனுதாபமல்ல, நிம்மதி. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. மறுநாள் அவர் வழமைபோல எனக்கு வாங்கி வந்த கோப்பியை, அவர் திரும்பியதும் தொட்டிக்குள் ஊற்றினேன். தொட்டிக்கு மேலிருந்த அலுமாரியின் கண்ணாடிக் கதவில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.  அடுத்த நாளும் கோப்பி வந்தது.

செய்தி பரவ எத்தனை நேரம் எடுக்கும்? அந்தத் தைப்பொங்கலுக்கு நகர ஓரத்தில், எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டில் எல்லோருக்கும் சில்வர் தட்டு வந்தது, அவருக்குக் கடதாசித் தட்டு. கமலாவின் கண் நிறைந்துவிட்டது. அவரோ, “எனக்குக் கழுவுற வேலை மிச்சம், மத்தவங்க வரிசையில நில்லுங்க” என்று சிரித்தபடி சாப்பிட்டார். தட்டு வைத்தவர்களும் இதை வாசிப்பார்கள். கோபமில்லை. நான் கோப்பி ஊற்றினேன், நீங்கள் தட்டு வைத்தீர்கள்.

கல்லீரல் நிபுணர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், நேர்மையான மனிதர். வைரஸை வெளியேற்ற மருந்தே கிடையாது என்று ஒளிக்காமல் சொன்னார். ஓய்வு, நல்ல சாப்பாடு, மதுவைத் தொடாதே, மாதம் ஒருமுறை இரத்தம் கொடு. ஊசி விட்டு எடுத்த கல்லீரல் துண்டைப் பார்த்துவிட்டு, சில தழும்புகள் பழையவைபோலத் தெரிகின்றன, ஊரிலேயே வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பன்னிரண்டு வயதில் மஞ்சட்காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் குடித்ததாக அண்ணை சொன்னார். டொக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

மருந்தில்லை என்று கேட்ட மனிதன் சும்மா இருப்பானா? ஸ்பாடைனா வீதியில் ஒரு சீன மருந்துக் கடை இருந்தது. அங்கே போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கடைக்குள் பகலிலும் வெளிச்சம் குறைவு. சுவர் நிறைய இழுப்பறைகள். மேசைக்குப் பின்னால் ஒரு கிழவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, மகள்தான் மொழிபெயர்த்தாள். நாங்கள் நோயின் பெயரைச் சொல்லவேயில்லை. கிழவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மூன்று விரல்களை அண்ணையின் மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தெருமுனைத் தண்டவாளத்தில் இரண்டு ஸ்ரீட்கார் போனது. கண் திறந்து ஏதோ கேட்டார். மகள் தயங்கித்தான் சொன்னாள். “சாப்பாடு அல்லாத எதையோ தினமும் வாயில் இழுக்கிறீர்களாம். அது என்ன என்று அப்பா கேட்கிறார்.”

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அண்ணையின் முன்பல்லின் ஓரம் கண்ணாடிக் குழாய் கடித்துத் தேய்ந்திருந்ததைக் கிழவர் கண்டிருப்பார் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணை பதில் சொல்லி முடிக்கும் முன்பே கிழவர் மேசையைத் தாண்டிக் கையை நீட்டி, கேளாமலே என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த விரல்களின் குளிர் வெகுநேரம் போகவில்லை. மகள் சொன்னாள்: “உங்களிடம் அது வந்து போய்விட்டதாம்.”

வெளியே வந்து இருவரும் சிரித்தோம். என் இரத்தம் சுத்தம் என்று இயந்திரமே சொன்ன பிறகு கிழவர் என்ன சொல்வது? “கிழவனாருக்கு ஒரு டெஸ்ட்டு தப்பிட்டு” என்றார் அண்ணை. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அவர் கஷாயம் குடிக்கத் தொடங்கினார். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் அவர்கள் இருந்த பதினாறாம் மாடி முழுக்க அது மணக்கும். ஏதோ இலை, எங்கள் மருக்கொழுந்தின் வாசம் அதில் வரும். டொக்டரிடம் அவர் மறைக்கவில்லை. டொக்டரும் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். மாதம்மாதம் அவருடைய நொதிகளை அளந்தது நான்தான். இலக்கம் இறங்கியது. ஐந்தாம் மாதம் டொக்டர், “அழற்சி தணிந்திருக்கிறது, காரணம் தெரியாது, தானாகவும் தணியும். வைரஸ் அப்படியே இருக்கிறது” என்றார். அதே கிழமை கிழவர் நாடி பார்த்து, “சூடு இறங்கிவிட்டது. வந்தவர் வீட்டை விட்டுப் போகவில்லை” என்றார். ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு பேர் ஒரே அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுபோல இருந்தது. “ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுதாங்க, பீஸ்தான் வேற வேற” என்று அண்ணை சொன்னார்.

வைரஸ் நிச்சயமாக உள்ள இரத்தம் ஆய்வுகூடத்துக்கு வேண்டியிருந்தது. சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு ஓட்டத்திலும் அப்படி ஒரு குழாயையும் வைக்க வேண்டும். அண்ணை தானாகவே கையை நீட்டினார். அன்றிலிருந்து இந்த நகரத்தில் யாருடைய இரத்தத்தைச் சோதித்தாலும் பக்கத்தில் அவருடைய இரத்தம் இருந்தது. அவர் மேசை வேலைக்கு மாற்றப்பட்டு அடுத்த அறையில் இருமிக்கொண்டிருப்பார். இங்கே அவர் உறைபெட்டியிலிருந்து வெளியே வந்து உருகி, ஆம் என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் பழகிப்போனோம். “பரமசிவத்தை எடுத்து வெளியில வையுங்கோ” என்று நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

எழுபத்தாறில் இன்னொரு சோதனை வந்தது. இது வைரஸைத் தேடுவதல்ல. வைரஸ் வந்து, உடம்பு அதை வென்றிருந்தால் இரத்தத்தில் தங்கிவிடுகிற எதிர்ப்பொருளைத் தேடுவது. பழகிப் பார்க்க எங்கள் இரத்தத்தையே ஓட்டினோம். தாளை வாசித்தவர் அண்ணை. ஐந்து பேரில் என்னிடம் மட்டும் அது இருந்தது, நிறையவே இருந்தது. ஸ்பாடைனாவில் என் மணிக்கட்டைப் பிடித்த விரல்களின் குளிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் எழுபத்து மூன்று கோடை என் நினைவுக்கு வந்தது. மூன்று கிழமையாகச் சோற்றைக் கண்டால் ஓங்காளம், மூட்டெல்லாம் நோவு. தடிமன் காய்ச்சல் என்று நினைத்து ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. திங்கட்கிழமைகளில் கையையும் நீட்டினேன். அந்தச் சீரம் நோமல் போத்தலுக்குள் போனது. அதை அதிகமாக வாயால் உறிஞ்சியவர் அண்ணை. ஒன்று, அவருடைய பழைய நோய் அந்தப் போத்தல் வழியாக எனக்கு வந்தது. அல்லது என்னுடைய புதிய நோய் அதே போத்தல் வழியாக அவருக்குப் போனது.

“அண்ணை, முதல் ஆருக்கு வந்தது? உங்களுக்கோ எனக்கோ?” என்று கேட்டேன்.  அவர் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

“அதுக்கு டெஸ்ட் கிடையாது, தவமணி. இல்லாத டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு இருக்காதீங்க.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்க அவர் விட்டதில்லை. போன வருடம் வயிறு வீங்கத் தொடங்கியது. டொக்டர் நீர் எடுத்தார். கிழவர் நாடி பார்த்துவிட்டு மருந்துப் பொட்டலம் கட்டவில்லை, காசும் வாங்கவில்லை. மருந்து கட்டாத அன்று அண்ணைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று கமலா பிறகு சொன்னார். போன கிழமை நான் பார்க்கப் போனபோது அவருடைய கண்கள் மஞ்சளாக, முழுசாகத் திறந்திருந்தன. போகப் புறப்பட்டவளைக் கூப்பிட்டு, “நீங்க நல்லா இருக்கீங்க. அதை ஒரு குத்தமா எடுத்துக்காதீங்க” என்றார். கதவுக்கு வெளியே நின்று வாய்விட்டு அழுதேன்.

செத்த வீட்டுக்குப் போய்வந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அன்றைக்கும் அவர் உருகி வந்து ஆம் என்று சொன்னார். இனி சோதனைப் பெட்டியோடு கொம்பனியே அந்தக் குழாயையும் அனுப்புகிறதாம், பழையவற்றை அழித்துவிடச் சொன்னார்கள். உறைபெட்டியில் பதினொரு குழாய் இருந்தது. ஒவ்வொன்றிலும் அவருடைய பெயரை வாசித்து, நானே கிருமி கொல்லும் நீராவிக் கொதிகலத்தில் வைத்து மூடினேன். வேறு ஒருவரும் அதைச் செய்ய நான் விடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பீர்கள். புகைப்படம்கூட என்னிடம் இல்லை. என் இரத்தத்தில் இருக்கிற அந்த எதிர்ப்பொருள்தான். அது வென்றது அவரிடமிருந்து எனக்கு வந்ததையா, அல்லது என்னிடமிருந்து போய் அவரைக் கொன்றதையா, எனக்குத் தெரியாது. நான் இருக்கிறவரை அது இருக்கும். என் இரத்தத்தை எடுத்துப் பார்க்கிறவர்கள், நோய் வந்து போயிருக்கிறது என்று எழுதுவார்கள். பரமசிவம் வந்து போனார் என்று நான் வாசித்துக்கொள்வேன்.