நாலு பேருக்கான மளிகை

எங்கள் வீட்டில் மளிகைச் சாமான் எந்த மாதமும் கடைசிவரை வந்ததில்லை. இருபதாம் தேதியைத் தாண்டினால் துவரம்பருப்பு டப்பாவின் அடி தெரியும். அடுத்து எண்ணெய், அதற்கடுத்து சர்க்கரை. மாதக் கடைசி வாரம் முழுக்க ரசமும் கொள்ளுப் பருப்பும் மாறி மாறி வரும். தம்பி தட்டைத் தள்ளிவிடுவான். நான் தள்ளமாட்டேன். அம்மாவுக்குக் கணக்கு வராது, அதனால்தான் இப்படி ஆகிறது என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. ஆறாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல், அந்த மிதப்பு.

அது கரண்ட் இல்லாத வருடங்களில் ஒன்று. கணபதி ஏரியாவில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு வேண்டிய பாகங்களைப் பெரிய கம்பெனிகளுக்குக் கடைந்து கொடுப்பார். கரண்ட் வந்தால் ஓடுவதும் போனால் உட்காருவதுமாக இருந்து, கடைசியில் வேலைக்கு இருந்தவர்களை அனுப்பிவிட்டு அப்பாவே மெஷினில் நின்றார். ஒரு மாதம் முதல் தேதியன்று அம்மாவைக் கூப்பிட்டு ஒரு தொகையைக் கையில் வைத்தார்.

"ஏம்புள்ள, மளிகைக்கு இவ்வளவுதான். நடக்கற காரியமா ஒரு திட்டம் போட்டு வாங்கு. முடியாததப் போட்டுட்டு அப்புறம் பாதி மாசத்துல வந்து நிக்காத."

"செரீங்க" என்றாள் அம்மா. அப்பா சொன்னதில் கோபம் இல்லை. சலிப்புகூட இல்லை. நாள் முழுக்க நின்ற காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

ரேசன் கார்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், தம்பி. வீட்டில் அப்போது ஐந்தாவதாக மாமாவும் இருந்தார். மாமா அம்மாவின் அண்ணன். சூலூர்ப் பக்கம் சொந்தமாகத் தறிக்கூடம் வைத்திருந்தவர். கரண்ட் தகராறில் நூல் வாங்கிய கடன் ஏறிப்போய், தறிகளைப் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தங்கையின் கல்யாணம் முடியட்டும், பிறகு நமக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து இருந்து வயது போய்விட்டவர். அதனால் அவருக்கு வேறு வீடு இல்லை.

வந்த அன்று, "நாலு நாள் இருந்துட்டுப் போறனுங்க மாப்ள" என்று அப்பாவிடம் சொன்னார். "அதுக்கென்னங்க மச்சான், இருங்க" என்றார் அப்பா. அவர் வந்தது மழைக்காலம். மாரியம்மன் நோன்பு வந்தபோதும் அவருடைய பெட்டி எங்கள் பீரோவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

எனக்கும் தம்பிக்கும் மாமா இருப்பது கொண்டாட்டம். ரசித்துச் சாப்பிடுகிற மனிதர். அம்மா அரிசிம்பருப்பு சாதம் செய்தால் தட்டைச் சுற்றி எதையும் வைக்கவிடமாட்டார். நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றி, "கண்ணு, இதுக்கு மேல உலகத்துல ஒண்ணுமில்ல" என்பார். இரண்டாவது முறை கேட்டு வாங்குவார். மூன்றாவது முறை அம்மாவே போடுவாள். அப்போது அவள் அப்பாவின் பக்கம் பார்க்கமாட்டாள்.

அப்பா கொடுத்த தொகையோடு, இனிமேல் தெருமுனைக் கடை வேண்டாம், டவுன்ஹால் பக்கம் மொத்தவிலைக் கடையில் வாங்கலாம் என்று அம்மா தீர்மானித்தாள். பை தூக்க மாமா வந்தார். பஸ்ஸில் போகிற ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

அந்தக் கடையை ஒரு பாய் நடத்தினார். மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பவர். அம்மா ஒவ்வொரு சாமானாக விலை கேட்பதையும், மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதையும், பிறகு அரை கிலோ குறைப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, எதுக்கு இவ்வளவு சிரமப்படறீங்க? ஊட்ல எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க. மாசத்துக்கு எது எவ்வளவு வேணும்னு நானே போட்டுத் தாரேன். ஒரு பொடி மிஞ்சாது, ஒரு பொடி கொறையாது" என்றார்.

"நாலு பேருங்க" என்றாள் அம்மா.

கேட்டவுடன் வந்துவிட்ட பதில் அது. யோசித்துச் சொன்னதல்ல. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அஞ்சும்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காதுமடல் சிவந்தது. பின்னால் காலிப் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மாமாதான் சிரித்தார். "கண்ணு, நான் விருந்தாளி. விருந்தாளியெல்லாம் கணக்குல வரமாட்டாங்க. நீங்க நாலு பேருக்கே போடுங்க பாய்."

பாய் போட்டார். பருப்பு, எண்ணெய், புளி, வத்தல், கடுகு என்று எல்லாம் நாலு பேருக்கு. மொத்தம் அப்பா கொடுத்த தொகைக்குள் அழகாக அடங்கியது. மாமா இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அம்மா வழி முழுக்க வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். மொத்தவிலைக் கடையில் பணம் மிச்சமானதற்கு அவள் சந்தோஷப்படத்தானே வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு மாமா மத்தியானத்தில் வீட்டில் சாப்பிடுவது குறைந்தது. "வெளிய சாப்ட்டுப்போட்டேன் அம்மிணி" என்று அம்மாவிடம் சொல்வார். ராத்திரியிலும் ஒரு கரண்டியோடு கையைக் கழுவிவிடுவார். "வயிறு சரியில்ல" என்பார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். "கொஞ்சமாச்சும் போட்டுக்குங்கண்ணா" என்பாள். அவர் அதற்குள் எழுந்திருப்பார்.

எனக்கும் தம்பிக்கும் அவர்மேல் வருத்தம். வெளியே சாப்பிடுகிறார் என்றால் பரோட்டாதான். அதை எங்களுக்குப் பார்சல் வாங்கி வரக்கூடாதா? தம்பி இதை நேராகவே கேட்டுவிட்டான். மாமா அவன் தலையைத் தடவி, "அடுத்த தடவ வாங்கியாரேன் சாமி" என்றார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டது. பஸ் ஸ்டாப் வழியாக வந்துகொண்டிருந்தபோது அங்கே நிழற்குடை பெஞ்சில் மாமாவைப் பார்த்தேன். நல்ல உச்சி வெயில். எந்த பஸ்ஸிலும் ஏறாமல், வருகிற பஸ்களின் போர்டை மட்டும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

"சாப்டீங்களா மாமா?"

"இப்பத்தான் கண்ணு. வயிறு நெறஞ்சு போச்சு."

"எந்தக் கடைங்க?"

அவர் ரோட்டின் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு டயர் கடையும் பூட்டிக் கிடந்த பட்டறையும் தெரிந்தன. கடை இன்னும் தள்ளி உள்ளே இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு வீடுவரை கூடவே வந்தார், உள்ளே வரவில்லை.

அடுத்த மாதம் பிறப்பதற்குள் மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சூலூரிலேயே வேறு ஒருவருடைய தறிக்கூடத்தில். ரூமும் சாப்பாடும் கொடுக்கிறார்கள் என்றார். முன்பு முதலாளியாக இருந்த ஊரில் போய்க் கூலிக்குத் தறி ஓட்டுவதா என்று அப்பா உண்மையாகவே பதறினார்.

"ஏனுங் மச்சான், இங்க உங்களுக்கு என்ன கொறைங்க? நிலைமை சரியானதும் ஏதாச்சும் பாத்துக்கலாம். இருங்க."

"ஒரு கொறையுமில்லீங்க மாப்ள. கை சும்மா இருந்தா ஒடம்பு கெட்டுப்போகுது. அதான்."

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு, "வாரேன் அம்மிணி" என்றபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் வளர்ந்து பெரியவளான பிறகு அப்பாவிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "உங்க மாமன் சாப்பிட்டதுக்கு நான் என்னிக்காவது முகஞ்சுளிச்சிருப்பனா? ஆள் கூடுதலா இருக்குது, இன்னும் கொஞ்சம் குடுங்கன்னு உங்கம்மா ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்றார். கொடுத்திருப்பார்தான். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "பட்டறையில பாதி நாள் கரண்ட் இல்லாம நீங்க உக்காந்திருந்தத நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். எந்த வாயில கேக்கறது?" மாமா இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைசிவரை அந்தத் தறிக்கூடத்து ரூமிலேயே இருந்தார். நோம்பி நொடி, பண்டிகை என்றால் வருவார், எங்களுக்குப் பழமும் மிக்சரும் வாங்கி வருவார், காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மாமா சூலூருக்குப் போன அந்த மாதம்தான் எங்கள் வீட்டில் முதல்முறையாக மளிகை கடைசித் தேதிவரை வந்தது. வந்தது மட்டுமில்லை, மிஞ்சியது. துவரம்பருப்பு இருந்தது. எண்ணெய் இருந்தது. நெய்ச் சட்டியின் அடியில்கூடக் கொஞ்சம் இருந்தது. அப்பா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "பாத்தயா புள்ள, திட்டம் போட்டுச் செஞ்சா எப்படி வருதுன்னு" என்று வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்கும் பெருமை. அம்மா ஒருவழியாகக் கணக்குக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் மட்டும் டப்பாவை மூடி அலமாரியில் ஏற்றிவிட்டு, வெகுநேரம் அந்த அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா விடிந்ததும் எழுந்து, மிச்சமிருந்த பருப்பையெல்லாம் போட்டு அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். ஒரு தேங்காய் வாங்கிவந்து துவையல் அரைத்தாள். இருந்த நெய்யை வழித்து ஊற்றித் தூக்குப் போசியில் அடைத்துக்கொண்டு, தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு காந்திபுரத்தில் பஸ் மாறிச் சூலூருக்குப் போனாள்.

தறிக்கூடத்துக்குப் பக்கத்துச் சந்துக்குள் நுழையும்போதே சத்தம் காதை அடைத்தது. மாமா பனியனோடு வெளியே வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் என்னவோ கேட்டார், கேட்கவில்லை. அம்மா பதிலுக்குத் தூக்குப் போசியைக் காட்டினாள். வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா போட்டாள். அவர் சாப்பிட்டார். மறுக்கவில்லை, போதும் என்று கை காட்டவில்லை, தலை குனிந்தபடி போட்டதையெல்லாம் சாப்பிட்டார். இந்தச் சத்தத்தில் எப்படிப் பேச முடியும், அதனால்தான் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

திடீரென்று கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. இனிமேல் பேசுவார்கள் என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பேசவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் நன்றாக இருக்குமே என்று, எனக்குத் தெரிந்த நல்ல செய்தியை நானே சொன்னேன்.

"மாமா, இந்த மாசம் எங்க ஊட்ல மளிக மிஞ்சிருச்சுங்க. அம்மா சரியாக் கணக்குப் போட்டுட்டாங்க."

மாமாவின் கை தட்டில் நின்றது. பிறகு, "அப்படியா கண்ணு? நல்லதாப் போச்சு" என்று சொல்லி, பஞ்சு ஒட்டிய இமைகளோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சந்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லியும் அவள் ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை சரியாகக் கேட்கவில்லையோ என்று, இன்னொரு முறை கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.