நாய் வாய் வைத்த அண்டா

மாலை நாலேகால் மணிக்கு எங்கள் நாய் மாமியின் தண்ணீர் அண்டாவில் வாயை வைத்தது. மணி எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போதுதான் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலேகால் ஆயிடுத்து, காபி உண்டா இல்லையா?" என்று மாமியிடம் கேட்டிருந்தார். மாமி அண்டாவின் தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கக் குனிந்தாள். அதற்குள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையிலிருந்து பஸ் சக்கரத்தில் கட்டிக் கிடந்த நாய். முன்கால்களை அண்டாவின் விளிம்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. பம்பாய் குர்லாவில் மோட்டார் பட்டறை வைத்திருந்த என் அண்ணன் பழைய பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, சீட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, ரயில் பெட்டியில் இருப்பதைப் போலப் படுக்கைப் பலகைகள் அடித்திருந்தான். பாத்திரங்களுக்கு ஒரு அலமாரி, பக்கவாட்டில் இழுத்துக் கட்டக் கூடாரத் துணி. குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கவைத்துக் கூட்டி வருவது அவனுடைய புதிய தொழில். "குடும்பத்தோட வாங்க, வளக்குற நாயி பூனையோட வாங்க" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

முதல் பயணத்துக்கு மாட்டுங்காவிலிருந்து மாமாவும் மாமியும் கிடைத்தார்கள். மாமா பெரிய ஆபீஸில் வேலை பார்ப்பவர். மாமிக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் மடி ஆசாரத்தில் மிகவும் கண்டிப்பு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மாட்டுங்காவே தன் பஸ்ஸில் ஏறிவிடும் என்று அண்ணன் நம்பினான். பஸ் காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காக, செம்பூரிலிருந்த என்னையும் என் ஒன்பது வயது மகளையும் அழைத்தான். என் கணவர் தாராவியில் இருந்த கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். மகள் நாய் இல்லாமல் வர மாட்டேன் என்றாள்.

"ஏட்டி, அதையும் கூட்டிட்டு வா. அதுக்குத்தான பஸ்ஸே கட்டிருக்கேன்" என்றான் அண்ணன். இந்த வாக்கியத்தை அவன் பிறகு ஒப்புக்கொள்ளவே இல்லை.

கோப்போலியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஏரி. கோடையில் வற்றிப்போய், கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மைதானம் அகலத்துக்குச் சேறு கிடந்தது. மேலே காய்ந்து வெடித்த மண், உள்ளே கூழ். நாங்கள் இறங்கியதுமே ஏரிக் காவல்காரன் என் மகளைப் பார்த்துத் தடியை நீட்டினான். "உதர் நஹீ ஜானே கா. பைன்ஸ் கயா, வாபஸ் நஹீ ஆயா." அந்தப் பக்கம் போகக் கூடாதாம், இறங்கிய எருமை திரும்பி வரவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து நான் மகளின் கையை விடவில்லை. கிராமத்துக் கிணற்றில் இரவெல்லாம் ஊறினால்தான் காலையில் சில குடங்கள் கிடைக்கும் என்றும் சொன்னான். நாங்கள் கவலைப்படவில்லை. பம்பாயிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்திருந்தோம். மாமி தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பித்தளை அண்டாவில் தனியாகக் கொண்டுவந்திருந்தாள். எங்களுக்கு மூடி போட்ட ஒரு தகர டிரம்.

மாமி கத்தவில்லை. நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அண்டாவை இரண்டு கையாலும் சாய்த்தாள். அத்தனை தண்ணீரும் கூடாரத்துக்கு அடியில் ஓடி வெடித்த மண்ணுக்குள் இறங்கியது. நாய் துள்ளி விலகி, உடம்பைச் சிலிர்த்து உதறியது.

எங்கள் டிரம் பக்கத்தில், அண்ணனோடு வந்திருந்த அண்ணி நின்றிருந்தாள். "இதுலயும் தெறிச்சிட்டு" என்றாள்.

"மூடி போட்டிருக்கு அண்ணி."

அண்ணி என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவுக கொட்டிட்டாக. நாம மட்டும் நாயி எச்சித் தண்ணியக் குடிக்கிற கூட்டம்னு மாட்டுங்கா பூராப் போயிச் சொல்லட்டுமா? உனக்கு என்ன, உன் புருசனா பஸ்ஸு ஓட்டுதாரு?" சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, மாமிக்குத் தெரியும்படி டிரம்மைக் காலால் தள்ளி உருட்டிவிட்டாள். மாமி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மே மாத வெயில், ஆறு பேர், ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. "அப்போ காபி?" என்றார் மாமா.

கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்த அண்ணன் சுத்தியலோடு வந்தான். "மொத சவாரியிலயே என் மானத்த வாங்கிட்டியே."

"நீதான கூட்டிட்டு வரச் சொன்ன?"

"நாயக் கூட்டிட்டு வான்னேன். அண்டாவுல கொண்டு போயி விடச் சொன்னேனா?"

"காலையிலேருந்து அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க விட்டியளா ரெண்டு பேரும்? அங்க போகாத, இங்க தொடாதன்னு."

"இந்தா, நியாயம் பேசாத. இப்பவே கெளம்புதோம். மாமி ஏறுற வண்டியில அது ஏறாது. இங்க கெடந்து மீனத் தின்னு பொழைக்கட்டும்."

"அதுக்கு என்ன கொறச்ச? ஏரி இருக்கு, காத்து இருக்கு. பம்பாயில நாமதான் புகையத் தின்னுட்டுக் கெடக்கோம்" என்றாள் அண்ணி.

மாமா தொண்டையைக் கனைத்தார். "வாயில்லா ஜீவன், பாவம்" என்று ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாயை விட்டுவிட்டு வந்தால் என் மகள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். சோறு இறங்காது, பேச்சு இருக்காது. "அது ஏறலன்னா நாங்களும் ஏறல" என்றேன்.

"இரு. யாரு வேண்டான்னா?" என்றான் என் கூடப் பிறந்தவன்.

நான் திரும்பி மகளின் கையைத் தேடினேன். சண்டையில் எப்போது விட்டேனோ, அவள் இல்லை. நாயும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. கரையோரம் ஓடினேன். காய்ந்த மண்ணில் நாயின் கால்தடம் ஏரியை நோக்கிப் போயிருந்தது. அதன் பக்கத்தில் சின்னச் செருப்பின் தடம். கூப்பிட வாயைத் திறந்தால் தொண்டையில் ஈரமில்லை, குரல் எழும்பவில்லை. பின்னால் அண்ணன் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். தேடுவதற்காக அடித்ததல்ல. சீக்கிரம் வா என்று அடித்தது. அண்ணி கூடாரத் துணியை மடித்தபடியே, "பிள்ளைய வளத்த லச்சணம்" என்றாள். காவல்காரன் தடியோடு வந்து சேற்றைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "போலா தா நா" என்றான். சொன்னேனே என்று.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மாமா பஸ்ஸைச் சுற்றி வந்து, "இவளையும் காணுமே" என்றார். யாரை என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. ஸ்டவ் துடைத்த துணி தரையில் கிடந்தது. மாமி இல்லை.

மதகுப் பக்கத்துப் புதர்களுக்குப் பின்னாலிருந்துதான் அவர்கள் வந்தார்கள். முன்னால் மாமி. மடிசாரில் தொடை வரை சேறு, தலை கலைந்திருந்தது. ஒரு கையால் நாயின் பிடரியைக் கொத்தாகப் பிடித்து, மறு கையால் உடம்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். அது அவள் தோளில் தாடையை வைத்திருந்தது. அறுந்த கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு என் மகள் பின்னால் வந்தாள். முழங்கால் வரைதான் சேறு. நான் அவளைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு விடவில்லை.

அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

மாமி என்னிடம்தான் முதலில் பேசினாள். கோபம் துளியும் குறையவில்லை. "தண்ணியத் தேடிண்டு நாய் சேத்துல எறங்கிடுத்து. இந்தக் கொழந்தை பின்னாடியே எறங்கறது. நாயைப் பிடிச்சாத்தான் இது நிக்கும்னு பிடிச்சேன். பொண்ணைப் பெத்தா கையில பிடிச்சுக்கத் தெரியணும்."

பிறகு நாயை இறக்காமலேயே அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நாயைத் தொட்டாச்சு. குளிக்க இங்க ஒரு சொம்புத் தண்ணி கிடையாது. நாய் ஏறப்படாதுன்னா, இப்போ நானும் ஏறப்படாது. என்ன பண்ணப் போறேள், சொல்லுங்கோ."