ஏரியைப் பார்த்த டிரைவர்

உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் என் கலைக்கண்காட்சி. வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால், சாலவாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது போலவே இருக்கும். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவரே ஒருநாள் வந்து மாட்டிக்கொண்டார். காக்கிச்சட்டைக்குள் அடங்காத தொப்பை. வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்கண்ணே" என்றேன்.

திரும்பினார். கால் நின்றுவிட்டது.

"ஏரி இம்மாம் பெரிசா கீதே. தெனம் இது பக்கத்துலயா போய்க்கினு கீறேன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அவர் பஸ்ஸில் ஏறினேன். ஏரிக்கரை வந்தது. அவர் கண் சாலையை விட்டு நகரவில்லை.

"சார், ஏரில இன்னா கீது?" என்று முன்னாலிருந்தே கத்தினார்.

"கொக்குண்ணே."

"எத்தினி?"

பஸ் மொத்தமும் எழுந்து எண்ண ஆரம்பித்தது.