அக்கா சொன்ன நான்காவது கொசுத்தேனீ

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், சிலமலைக்காரர்களுக்கும், மேலே ஏலத்தோட்டத்தில் அவரோடு காய் எடுத்த பெண்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். அக்காவின் மகள் ஈஸ்வரி, "மாமா, அம்மாவைப் பத்தி நல்ல விதமா எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். அக்காவைப் பற்றி நல்ல விதமாக எழுத நிறைய இருக்கிறது. என்னைப் பற்றித்தான் இல்லை. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

அக்கா சிலமலையில் பிறந்தார். நான் அவருக்கு ஆறு வயது இளையவன். அப்பா பாம்பு தீண்டி இறந்தபோது அக்கா எட்டாம் வகுப்பு. அந்த ஆண்டு அவருடைய புத்தகப் பை எனக்கு வந்தது. அவர் அம்மாவோடு விடியலில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார். நான் கல்லூரி முடித்து விலங்கியல் ஆசிரியரானது அந்த ஜீப்பால்தான். அதை நான் மறந்ததில்லை என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மறந்த ஒரு நாளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

அத்தான் அதே தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பின் அக்கா மேலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியேறினார். மூத்த பையனைக் காய்ச்சலில் பறிகொடுத்தார். அத்தானும் சீக்கிரம் போய்விட்டார். அதன் பிறகும் அந்த லயத்தில் யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நின்றவர் அக்கா. வாய் மட்டும் சும்மா இருக்காது. அழுகிற வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

ஏலக்காய் செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். பூவும், பூவுக்கு வரும் தேனீயும் முகத்துக்கு நேரே இருக்கும். கொட்டாத சின்னத் தேனீக்கள் எல்லாவற்றையும் நாம் கொசுத்தேனீ என்ற ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். அக்கா அப்படி முடிப்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவிகளும் மலைமக்கள் இந்தத் தேனீக்களை எப்படி இனம் பிரிக்கிறார்கள் என்று கேட்டு எழுத வந்தார்கள். அவர்களை அக்காவிடம் அழைத்துப் போனவன் நான். பெருமையாகத்தான் அழைத்துப் போனேன்.

அக்கா லயத்துச் சுவரில் இருந்த ஒரு ஓட்டையைக் காட்டினார். "இது சுவர்க்கொசு. வாசலைப் பாருங்க, கருப்பா, பிசினை உருட்டி வச்ச மாதிரி இருக்கும். விரலை வச்சா ஒட்டும்."

"மரப்பொந்துல இருக்கறதும் இதேதானேம்மா?" என்றார் பேராசிரியர்.

"இது வீட்டு ஆளு சார், அது காட்டு ஆளு. இது விரலைக் கண்டா உள்ள போயிரும். மரக்கொசு தலைமுடிக்குள்ள பூந்து கடிக்கும். உங்களுக்குப் பயமில்ல, அதுக்குப் பூர எடமே இல்ல."

மாணவிகள் சிரிப்பை அடக்கினார்கள். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு பேராசிரியரும் சிரித்தார். பிறகு அக்கா கல் அடுக்கிய வரப்புக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்தது கல்லுக்கொசு. அதன் வாசல் மணல் நிறத்தில், குழாய் போல விரல்நீளம் வெளியே நீட்டியிருந்தது. அதன் தேன் புளிக்கும் என்றும், மரக்கொசுத் தேன் தொண்டையைக் காந்தும் என்றும் சொன்னார். அவர்கள் கொண்டுவந்த படிவத்தில் நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"நாலாவது ஒண்ணு இருக்கு. கண்ணுக்கொசு. இதுகள்லயே சின்னது அதான். காய் எடுக்கையில கண்ணுத் தண்ணி குடிக்க வரும்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "யக்கா, அது கண்ணுல மொய்க்கிற ஈ. தேனீ இல்ல."

"ஈக்கு ரெண்டு றெக்கை. இதுக்கு நாலு. நசுக்கி மோந்து பாரு, குங்கிலிய வாசம் அடிக்கும்."

"கூடு பாத்திருக்கியா?"

"இன்னும் பாக்கல."

"பெறகு எப்படி? நான் முப்பது வருசம் விலங்கியல் நடத்துனவன். நீ காய் புடுங்குன. ரெண்டும் ஒண்ணாக்கா?"

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி தம்பி. நீ படிச்சவன், நீ சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் பாலில்லாத கட்டஞ்சாயா போட உள்ளே போனார்.

படிவத்தில் நான்காவது வரியை வெறுமையாக விட்டேன். அடியில் 'தகவல் தந்தவர்' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே என் பெயரை, பட்டத்தோடு எழுதிக் கொடுத்தேன். இதை இன்றுவரை ஈஸ்வரிக்கும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் தேனீக்களைப் பற்றிப் பேசவே இல்லை. நான் வலியக் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும்" என்பார். கோபமாகச் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ.

சில ஆண்டுகள் கழித்து ஓர் அறிவியல் இதழில் படித்தேன். கண்ணீர் குடிக்கும் கொசுத்தேனீ உண்டு. அது ஈ அல்ல, தேனீதான். இரண்டு முறை படித்துவிட்டு இதழை அலமாரியில் மற்றவற்றுக்கு அடியில் வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் ஈஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா கூடு கண்டுபிடிச்சிருச்சாம். ஸ்டோர்க் கதவுல, கீலுக்குப் பக்கத்து ஓட்டையில. உங்கள வெரசா வரச் சொல்லுது."

"முழங்கால் வலிக்குதும்மா. அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லு" என்றேன். அன்று காலைதான் சந்தைக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்திருந்தேன். அடுத்த வாரமும் நான் போகவில்லை.

பிறகு அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து, போடி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். ஒரு பிற்பகல் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"ஸ்டோர்க் கதவை மாத்தப் போறாங்களாம். அந்தக் கீல் இருக்கிற கட்டையை மட்டும் அறுத்து வைக்கச் சொல்லு தம்பி."

"சொல்றேன்க்கா."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

எனக்குத் தெரியும். இருந்தும், "எதுக்கு?" என்றேன்.

அக்கா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "ஒரு சோலிக்குத்தான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் இல்லை.

அவர் எனக்குக் கொடுத்த வாய்ப்பு அது. இந்த ஓராண்டில் அந்தப் பிற்பகலுக்கு நான் திரும்பப் போகாத நாளில்லை. ஒவ்வொரு முறையும் சரியான பதிலைச் சொல்கிறேன்.

காரியங்கள் முடிந்து முப்பதாம் நாள் மேலே போனேன். ஸ்டோரில் புது இரும்புக் கதவு நின்றது. கட்டையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். அக்காவோடு காய் எடுத்த பேச்சியம்மா என்னை லயத்துக்குக் கூட்டிப் போனார். அக்கா வீட்டுச் சுவரில், கூரைக்குக் கீழே, அந்தக் கட்டையைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்ப, நீங்க வந்து சொல்லுவீங்கன்னு அக்கா சொல்லுச்சு. நீங்க சொல்லல. நாங்களே அறுத்துட்டோம் வாத்தியாரே" என்றார்.

கட்டையில் கடுகு நுழையும் அளவுக்கு ஒரு வாசல். வாசலில் உட்கார்ந்திருந்த ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். றெக்கை நான்கு. கண்ணாடியை எடுத்த பிறகும் பார்வை மங்கலாகவே இருந்தது. அப்போது ஒன்று வந்து இமையோரம் உட்கார்ந்தது. கை தானாக மேலே வந்தது. அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த மாதம் என் போடி வீட்டு மின்மீட்டர்ப் பெட்டியில் ஒரு கூட்டம் குடியேறியிருக்கிறது. சுவரில்தான் இருக்கிறது, ஆனால் வாசல் மணல் நிறம். விரலை வைத்தால் உள்ளேயும் போவதில்லை, கடிக்கவும் இல்லை. இது யாரென்று அக்கா ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறேன். கேட்க ஆளில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஈஸ்வரிக்கும் அவள் கணவருக்கும், கூப்பிட்ட நேரத்தில் ஜீப்பை எடுத்து வந்த பக்கத்து லயத்துத் தம்பிக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், நான் செய்யத் தவறியதைச் செய்த பேச்சியம்மாவுக்கும் அவரோடு சேர்ந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேலே தோட்டத்துக்குப் போகிறவர்கள் கண்ணோரம் ஏதாவது வந்து உட்கார்ந்தால் அடித்துவிட வேண்டாம்.

இந்த மலரின் ஒரு பிரதியை அந்தப் பேராசிரியருக்கு அனுப்புகிறேன். வெறுமையாக விட்ட வரியையும், தவறாக நிரப்பிய வரியையும் இங்கே திருத்தி எழுதுகிறேன்.

நான்காவது: கண்ணுக்கொசு. தேனீதான்.
தகவல் தந்தவர்: என் அக்கா.